பழைய ராப்டர் டிஸ்க் தேடுபவர்களுக்கு

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய ராப்டர் ஹார்டு டிஸ்க் இருக்கிறதா, இருந்தால் எந்த மாடல் வேகம் என்று கடைக்கு வருபவர்களில் சிலராவது கேட்டுவிடுகிறார்கள். பணம் வாங்குவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம்.

2003-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் விட்ட முதல் ராப்டர் வெறும் 36 ஜி.பி. தான், ஆனால் உள்ளே இருக்கும் தட்டு நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றும். சர்வர்களில் ஸ்கஸி என்ற இணைப்பு முறை டிஸ்க்குகளுக்கே உரியதாக இருந்த வேகம், சாதாரண டிஸ்க்குகளை இணைக்கும் சாட்டா கேபிளில் வீட்டுக் கணினிக்கு வந்தது அப்போதுதான். அப்புறம் 74, 2006-இல் 150, 2008-இல் வெலாசிராப்டர் என்ற புதுப் பெயரில் 300, 2010-இல் 600, 2012-இல் 1 டி.பி. என்று வளர்ந்தாலும் சுற்று மட்டும் அதே 10,000.

சுற்று மாறாததால் காத்திருப்பும் மாறவில்லை. ஒரு சுற்றுக்கு 6 மில்லி செகண்ட், தட்டில் வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி, அதாவது 3, இது முதல் ராப்டருக்கும் கடைசி மாடலுக்கும் ஒன்றே (சாதாரண 7,200 சுற்று டிஸ்க்கில் 4.2 ஆகும்). தட்டில் தகவலை நெருக்கி எழுத முடிந்ததால் பெரிய ஃபைலை காப்பி செய்யும்போது 150 ஜி.பி. மாடல் வினாடிக்கு 80 எம்.பி. சொச்சம் தந்த இடத்தில் 1 டி.பி. மாடல் 200 வரை போகிறது. விண்டோஸ் ஏறுவது, நூறு சின்ன ஃபைல்களைத் தேடி எடுப்பது போன்ற வேலையில் அந்த அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள்.

மேல்மூடியில் கண்ணாடி வைத்த ராப்டர் எக்ஸ் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

வெலாசிராப்டருக்குள் இருப்பது இரண்டரை அங்குல டிஸ்க், சுற்றியிருக்கும் கனமான அலுமினியம் வெப்பத்தை இறக்கத்தான். அதைக் கழற்றி லேப்டாப்பில் போடலாமா என்று கேட்காதீர்கள்: 15 மி.மீ. தடிமன், 12 வோல்ட்டும் வேண்டும், போடவே முடியாது. 300 ஜி.பி.யில் ஜி.எல்.எஃப்.எஸ். என்று முடியும் மாடலில் கனெக்டர் வழக்கமான இடத்தில் இருக்காது, சர்வர் டிரேயில் செருக வேண்டுமென்றால் எச்.எல்.எஃப்.எஸ். பார்த்து வாங்குங்கள்.

வேகத்துக்காகத்தான் என்றால் எங்கள் பதில் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டே இல்லாத டிஸ்க்) தான், அதில் தேடும் நேரம் 0.1 மில்லி செகண்ட் அளவுக்குத்தான் வரும். பழைய கணினியை அதன் காலத்துப் பாகங்களோடு வைத்திருக்க ஆசையென்றால் 2010-க்குப் பிந்தைய வெலாசிராப்டரை எடுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் 5 வருட வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைக் கடையிலேயே ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் கணக்கு) காட்டிவிட்டுத்தான் பில் போடுவோம்.

அன்புடன்,
கடைக்காரர்கள்