மீரான் கோட்டையின் குப்பை

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. சீனாவின் சின்ஜியாங்கில் இருக்கும் மீரான் என்ற பழைய திபெத்தியக் கோட்டையைப் பற்றி நாலு கேள்வி கேட்டிருக்கிறாய், நாலும் சுவரைப் பற்றித்தான். லோப் பாலைவனத்தின் தென்விளிம்பில் அது ஏறத்தாழ 70 மீட்டர் பக்கமுள்ள கோணல்மாணலான நாற்கரம். மூலைகளில் கொத்தளங்கள். மண்ணை இடித்துக் கெட்டித்து, நடுநடுவே டாமரிஸ்க் புதர்க்கிளைகளைப் பரப்பி எழுப்பியது. சுவர் அவ்வளவுதான்.

சரக்கு உள்ளே இருக்கிறது. சுவரை ஒட்டிச் சிற்றறைகள். திபெத்தியப் படையினர் ஓர் அறையில் குடியிருப்பது, அது பாழானதும் குப்பை கொட்டுவது என்று கழித்திருக்கிறார்கள். சில அறைகள் கூரை மட்டம் வரை நிறைந்துவிட்டன. 1906 டிசம்பரிலும் 1907 தொடக்கத்திலும் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் தோண்டியபோது, ஆயிரம் ஆண்டு கழிந்தும் நாற்றம் போகவில்லை! அந்த அசிங்கத்திலிருந்துதான் ஆயிரத்துக்கு மேற்பட்ட திபெத்திய ஆவணங்களும், அரக்குப் பூசிய தோல் கவசச் செதில்களும் வந்தன.

பெரும்பாலானவை மரச்சீட்டுகள். சுமார் ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். ஓலைச்சுவடி போலக் கயிறு கோக்கத் துளை உண்டு, ஆனால் வலது கோடியில். தானியக் கணக்கை 'கல்', 'ப்ரே' என்ற திபெத்திய முகத்தலளவுகளில் எழுதுவார்கள். 20 ப்ரே ஒரு கல். வேலை முடிந்ததும் எழுத்தைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி எழுதுவார்கள். அதனால் தோண்டும்போது சீவலையும் சல்லடையில் பிடிக்க வேண்டும். அரை வரி அதில் ஒட்டியிருக்கும். கழுவவே கூடாது, மை கரைந்துவிடும். மங்கியதை அகச்சிவப்புப் படத்தில் படிக்கலாம்.

ஸ்டைன் ஒவ்வொரு பொருளுக்கும் இட்ட எண்ணில் 'எம் 1' என்பது கோட்டை, அடுத்தது அறை, கடைசியில் பொருளின் வரிசை. எந்த அறை என்று தெரிகிறது, எந்த ஆழம் என்று பெரும்பாலும் தெரிவதில்லை. குப்பையில் மேலது பிந்தியது, கீழது முந்தியது. அந்தச் சாட்சியம் அங்கேயே போயிற்று. சீட்டுகளாவது உதவுமா என்றால், 'புலி ஆண்டு' என்று மட்டும் எழுதியிருக்கும். ஆண்டுகளுக்குப் பன்னிரண்டு விலங்குப் பெயர்களைச் சுழற்றி வைப்பார்கள், ஆகவே பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு புலி. திபெத்தியர் இருந்தது எட்டாம் நூற்றாண்டின் பின்பகுதி முதல் ஒன்பதின் நடுப்பகுதி வரை என்றால் எத்தனை புலி வரும், நீயே எண்ணிப் பார்.

மரத்தின் வயதைக் கணிக்கக் கார்பன்-14 பார்க்கலாம் என்கிறாய். உத்திரத்தில் வேண்டாம். பாலையில் பட்டுப்போன பாப்ளர் மரம் நெடுங்காலம் மக்காமல் கிடக்கும்; அதை எடுத்துக் கட்டியிருந்தால் மரம் செத்த காலம்தான் வரும், கோட்டையின் காலம் வராது. சுவருக்குள்ளிருக்கும் மெல்லிய டாமரிஸ்க் குச்சிதான் சரி, ஓரிரு ஆண்டு வளர்ச்சி, வெட்டியவுடன் வைத்தது. உத்திரத்தில் பட்டையோரம், அதாவது கடைசி வளையம், மிஞ்சியிருந்து, அந்த மரம் 775-இல் உயிரோடு இருந்திருந்தால் மட்டும் வேறு வழி உண்டு. 775-ஆம் ஆண்டு வளையத்தில் கார்பன்-14 திடீரென ஏறியிருப்பதை 2012-இல் ஜப்பானிய சீடர் மரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த வளையத்திலிருந்து வெளிநோக்கி எண்ணினால் மரம் செத்த ஆண்டே கிடைத்துவிடும், ஆனால் கட்டிய ஆண்டு அதற்குப் பிந்தியதாகவும் இருக்கலாம்.

பிரிட்டிஷ் நூலகத்துச் சீட்டுப் படங்களைப் பார்க்கும்போது, எழுத்துக்கு முன் ஓரத்தைப் பார். வெட்டுக்குறி இருந்தால் அது தானியக் கணக்காக இருக்கலாம். பின்பக்கப் படமும் அனுப்பு, முன்பக்கம் மட்டும் போதாது.

அன்புடன்,
ராமு