வழவழப்பில்தான் வேலை இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

நகை வடிவமைப்பாளர் எல்சா பெரெட்டி பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாடலாக இருந்தார், அமெரிக்காவின் பெரிய நகைக்கடையான டிஃபனிக்குப் போனார், உலகப் புகழ் பெற்றார் என்று கதை வேகமாக ஓடிவிட்டது. அது போகட்டும். "எளிமையான டிசைன்கள்" என்று ஒரே வரியில் அவர் வேலையை முடித்துவிட்டீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் அப்பா வெள்ளி வேலை செய்தவர். சேலத்தில் கொலுசுப் பட்டறையில் பல வருஷம், அப்புறம் பாலக்கோட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே. வெள்ளியைப் பற்றவைக்கிற வெங்காரமும் ஊதுகுழலும் கிடந்த வீட்டில் வளர்ந்தவள் நான், 'எளிமை' என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஒரு கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். பூ, முத்து, சலங்கை என்று மேலே எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவுக்குப் பற்று, அதாவது சூடுபண்ணி ஒட்டிய இடம், கண்ணுக்குத் தப்பிவிடும். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்: "சலங்கை வச்சா தப்பு தெரியாது கண்ணு, வழவழன்னு விட்டா எல்லாமே தெரிஞ்சிரும்." பெரெட்டியின் 'போன் கஃப்' என்கிற எலும்புக் காப்பு அந்த வழவழப்பு வகைதான். பூ இல்லை, கல் இல்லை. மணிக்கட்டுக்கு வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு அப்படியே உள்ளே உட்காரும்படி வெள்ளி வளைந்து போகிறது. அதனால் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறார்கள், மாற்றிப் போட முடியாது. பெரெட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரோமில் கப்புச்சின் என்கிற கிறிஸ்தவத் துறவிகளின் எலும்புகளை அடுக்கி வைத்திருக்கும் நிலவறைக்குப் போய், அங்கிருந்து எலும்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாராம், அம்மா திருப்பிக் கொடுத்தனுப்புவாராம். இந்தக் காப்புக்கு விதை அங்கேதான். கட்டுரையில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருக்கலாம்.

அவர் 1940-இல் ஃபுளோரன்ஸில் பிறந்தவர். அப்பா இத்தாலியில் பெரிய பெட்ரோல் கம்பெனி நடத்தியவர், காசுக்குக் குறைவில்லை. அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, சுவிட்சர்லாந்தில் பிரெஞ்சும் பனிச்சறுக்கும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்து, பார்சிலோனாவில் மாடலாகி, 1968-இல் நியூயார்க் போனார். அடுத்த வருஷமே முதல் நகை. பழைய சாமான் சந்தையில் கண்ணில் பட்ட ஒரு பூச்சாடியை மனதில் வைத்து, ஒரே ஒரு பூ செருகும் அளவுக்குக் குட்டி வெள்ளிச் சாடி செய்வித்து, தோல் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டார். அதைச் செய்து கொடுத்தது ஸ்பெயின் நாட்டு வெள்ளி ஆசாரி ஒருவர். கடைசிவரை பெரெட்டி இப்படித்தான், பார்சிலோனாவில் வெள்ளி வேலைக்காரர்கள், ஜப்பானில் அரக்கு வேலைக்காரர்கள் என்று தேடிப்போய், பக்கத்தில் உட்கார்ந்து வேலை வாங்கியிருக்கிறார்.

1974-இல் டிஃபனியில் சேர்ந்தபோது அந்தக் கடை 25 வருஷமாக வெள்ளி நகையே விற்காமல் இருந்தது. வெள்ளி என்றால் கரண்டி, தட்டு, அவ்வளவுதான். இது நமக்குப் புரியாத சங்கதியா என்ன? நம் ஊரில் வெள்ளிக்கு இடுப்பிலும் அதற்குக் கீழேயும்தான் இடம்: அரைஞாண், கொலுசு, மெட்டி. கழுத்துக்கும் கைக்கும் தங்கம். கையில் வெள்ளி வளையல் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் "ஏம்மா, வீட்ல ஏதாவது கஷ்டமா?" என்று கேட்பார்கள், என்னையே கேட்டிருக்கிறார்கள். பெரெட்டி அந்த வெள்ளியைத் தூக்கி, வைரம் விற்கும் கடையில் வைரத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். வைரத்தையும் விடவில்லை. மெல்லிய சங்கிலியில் பொடி வைரங்களை விட்டுவிட்டுப் பதித்து, தினம் வேலைக்குப் போகிறவளும் போட்டுக்கொள்ளும்படி 'டைமண்ட்ஸ் பை த யார்ட்' என்று கொண்டுவந்தார், கஜக்கணக்கில் வைரம் என்று அர்த்தம், நல்ல குறும்பு. பின்னாளில் டிஃபனி விற்பனையில் பத்தில் ஒரு பங்கு இவருடைய டிசைன்கள்தான். 2012-இல் அவரை விட்டுவிடாமல் இருக்க இன்னும் 20 வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு, 4 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.

இந்தத் தொகையைப் படித்ததும் என் சொந்தக் கதை ஞாபகம் வந்தது. நான்கு வருஷம் முன்னால் நானே வரைந்து, அப்பா கையால் ஒரு ஜோடி கொலுசு செய்தோம். முத்து இல்லை, சத்தம் இல்லை, கணுக்கால் வளைவுக்கு ஏற்ற ஒரே பட்டை. தருமபுரியில் ஒரு கடைக்கு மாதிரி காட்டப் போனேன். கடைக்காரர் தராசில் போட்டார், டச் எத்தனை, அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று கேட்டார், விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல வேலையே இல்லையேம்மா, எதுக்குக் கூலி?" என்றார். பூ வைத்த கொலுசுக்குக் கொடுப்பதில் பாதிதான் தருவேன் என்று நின்றார். அந்தப் பட்டையில் பற்று தெரியாமல் இருக்க அப்பா மூன்று நாள் அரத்தால் ராவியிருக்கிறார். நான் விற்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது என் மகள் போட்டிருக்கிறாள், பள்ளியில் சத்தம் வராத கொலுசு என்பதால் டீச்சரும் ஒன்றும் சொல்வதில்லை.

பெரெட்டி 2021-இல் இறந்தார், ஸ்பெயினில் சான்ட் மார்ட்டி வேல் என்கிற சின்ன ஊரில். இடிந்து கிடந்த அந்த ஊர் வீடுகளை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அங்கேயே வாழ்ந்திருக்கிறார். அடுத்து எழுதினால் அந்த ஊரைப் பற்றியும், கூடவே நம் பக்கத்துக் கொலுசுப் பட்டறைகளைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் கட்டுரையில் இருந்த எலும்புக் காப்புப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதழைத் திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார். "பற்று எங்க வச்சிருக்கான்னே தெரியலயே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "செஞ்சவனுக்குக் கூலி எவ்ளோ குடுத்தாங்களாம்?" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.