பனியில்லாத ஊரில் காலடித் தடம்

மயிலாடுதுறை
கார்த்திகை, புதன்கிழமை

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கன்று வெயில் அடித்தது, மறுநாளே பிடித்துக்கொண்டது. துணி எதுவும் காயவில்லை. மற்றபடி நானும் அப்பாவும் நலம்.

போன ஞாயிற்றுக்கிழமை என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "சும்மா லவ் ஸ்டோரிதாம்மா, யார்கிட்டயும் சொல்லாத" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொன்னால் சிரித்து மழுப்பிவிடுவாய்.

நானும் ஒளித்து வைத்துப் படித்தவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் லெண்டிங் லைப்ரரிக்காரர் சனிக்கிழமைதோறும் சைக்கிளில் வருவார். வாரப் பத்திரிகைகளுக்கு நடுவே எனக்கென்று ஒரு மாத நாவல் இருக்கும். அட்டையில் பெரிதாக ஒரு பெண் முகம். அந்த முகத்துக்குப் பயந்து செய்தித்தாளில் உறை போட்டு, உளுந்து டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவேன். ஒருநாள், நான் மூன்றாம் அத்தியாயத்தில் விட்டிருந்த புத்தகத்தில், பதினோராம் அத்தியாயத்துப் பக்கத்தில் டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. பகலில் வீட்டில் இருந்தது நானும் உன் அப்பாயியும்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வாரம் புத்தகத்தை டப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

உன் அப்பா கேட்பார், "கடைசியில ரெண்டு பேரும் சேரப்போறாங்க, இதுல என்ன இருக்கு?" என்று. சேரப்போகிறார்கள் என்று தெரிந்துதான் கையில் எடுக்கிறேன். மார்கழி முப்பது நாளும் முப்பது பாசுரம். 27ஆம் நாள் கூடாரைவல்லி, அன்றைக்கு அக்காரவடிசில். போன வருஷம்தான் கேட்டோமே என்று யாராவது கோயிலுக்குப் போகாமல் இருக்கிறார்களா? கதை எங்கே போய் முடியும் என்பது தெரிந்துவிட்டால், நடுவில் நடப்பதை நின்று பார்க்கலாம். அவள் காபியை வைத்துவிட்டுத் திரும்பும்போது அவன் ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விடுவான். அந்த ஒரு இடத்துக்காக நான் முழு நாவலையும் படித்திருக்கிறேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. அப்பா ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் இருந்தபோது வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் படித்ததெல்லாம் இந்தக் காதல் கதைகள்தான். முடிவு தெரியாத எதையும் அந்த நாட்களில் என்னால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து இந்தப் புத்தகங்களை யார் மட்டமாகப் பேசினாலும் எனக்குப் பொறுப்பதில்லை.

அதற்காக எல்லாவற்றையும் நல்லது என்று சொல்ல மாட்டேன். நாயகியைக் கை நீட்டி அறைந்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் அது அன்பால் செய்தது என்று சொல்லும் நாயகர்கள் நிறையப் பேர் உண்டு. இருபது வயதில் அதையும் ரசித்துப் படித்தேன், இப்போது அறை விழும் பக்கத்திலேயே மூடிவிடுகிறேன். நீயும் மூடிவிடு. அவளைக் கேட்காமல் அவளுக்காக முடிவெடுப்பவனையும் எனக்குப் பிடிப்பதில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை எழுதியவர் நம் ஊரில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. 1879இல் அச்சானது. அதில் பாதி, பிரதாபனும் ஞானாம்பாளும் சேர்வது, பிரிவது, மறுபடி சேர்வதுதான். பிரிந்திருக்கும் காலத்தில் ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். பெண்கள் விழுந்து விழுந்து படித்த நாவலாசிரியை லக்ஷ்மி ஒரு டாக்டர். 1984இல் அவருக்கு சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நீ வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

மழை என்றால் எனக்குத் துப்பறியும் கதைதான் வேண்டும். மே மாதத்துக்குத் தடித்தடியான சரித்திரக் கதை, தீபாவளி மலர் பட்சணம் தீர்ந்த பிறகு, ஐப்பசி கார்த்திகையில் கொலை. இந்த ஒழுங்கு ஏன் வந்ததென்று யோசித்ததில்லை. கரண்ட் போய், சிம்னி விளக்கின் வெளிச்சத்தில் வாசல் கதவு தானாக அசைந்தால் பாதி வேலையைக் கதாசிரியருக்கு மழையே செய்துவிடுகிறது.

தழுவல் கதைகளில் எனக்கு இருக்கும் பைத்தியம் உனக்குத் தெரியும். ஆரணி குப்புசாமி முதலியார் ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தசிங் ஆக்கிவிட்டார். நூறு வருஷத்துக்கு முன்னால் லண்டன் துப்பறிவாளன் இங்கே வந்து நடமாடியிருக்கிறான் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பான விஷயம். பெயரை மட்டும் மாற்றினால் தழுவல் ஆகாது. அந்த ஊரில் கொலைகாரன் எதை நம்பித் தப்பிக்கப் பார்த்தானோ, அதற்கு ஈடாக இந்த ஊரில் ஒன்று வேண்டும். சாட்சி சொல்லும் பொருள் இந்த மண்ணில் கிடைப்பதாக இருக்க வேண்டும்.

இதை எனக்குக் காட்டியவளே நீதான். ஆறாவது படிக்கும்போது ஒரு புயல் ராத்திரியில் உனக்கு ஓர் இங்கிலீஷ் கதையை நம் தெருவுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்களா நம் கோடி வீடு ஆனது, பட்லர் சமையல்கார மாமா ஆனார், டீயில் கலந்த விஷம் டிகாஷன் கசப்பில் மறைந்தது. பனியில் காலடித் தடம் வரும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். மாயவரத்தில் பனிக்கு எங்கே போவது? சேற்றில் தடம் என்றால் மழை அழித்துவிடுமே. நீ போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "கோலம்மா! மார்கழிக் கோலம். விடியக்காலையில வாசல் முழுக்க இருக்கும். மிதிக்காம யாரும் வெளியில போக முடியாது" என்றாய். மழையை நிறுத்திவிட்டு கதையை மார்கழிக்குத் தள்ளினேன். கொலைகாரன் செருப்பில் கோலமாவோடு பிடிபட்டான்.

நேற்று நீ அனுப்பிய படத்தில் உன் வீட்டு வாசலில் முதல் பனி விழுந்து கிடந்தது. படி முழுவதும் வெள்ளை, நடுவில் உன் பூட்ஸ் தடம் மட்டும். அப்பாவிடம் காட்டி, "பாருங்க, கோலத்தை மிதிச்சிட்டுப் போயிருக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

உன் சித்தி மார்கழி பிறந்ததும் டொரான்டோ வருகிறாள். அவளிடம் நான்கு புத்தகம் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு காதல், இரண்டு துப்பறியும் கதை. துப்பறியும் கதை இரண்டிலும் எனக்கும் ஒரு பிரதி இருக்கிறது. கோயிலிலிருந்து நான் திரும்பக் காலை ஆறரை ஆகும்; உனக்கு அப்போது ராத்திரி எட்டு, சாப்பிட்டு முடித்திருப்பாய். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், ஒருநாள் நீ வாசி, ஒருநாள் நான் வாசிக்கிறேன். என் கண்ணுக்கு இப்போது பொடி எழுத்து கொஞ்சம் சிரமம், அதனால் நீளமான அத்தியாயங்கள் உனக்கு.

கடைசிப் பக்கத்தை முன்னாடியே புரட்டிப் பார்த்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவேன்.

அன்புடன்
அம்மா