ஒரே ஒரு தடவைதான் பொங்கும்

அன்பு செல்விக்கு,

பிரெட் மெஷினில் நீ போட்ட குளூட்டன் இல்லாத பிரெட் செங்கல் மாதிரி வந்ததற்குக் காரணம் உன் மாவு இல்லை, மெஷினின் 'பேசிக்' புரோகிராம். அது பிசையும், பொங்கவிடும், திரும்ப அடித்துக் காற்றை இறக்கும், மறுபடி பொங்கவிடும். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்கிற புரதம் ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுப்பதால் இரண்டாம் தடவையும் எழும்பும். குளூட்டன் இல்லாத நம் மாவு ஒரே ஒரு தடவைதான் பொங்கும்; அதைக் கலைத்துவிட்டால் அவ்வளவுதான். அந்த இரண்டாவது அடியைத் தடுப்பதுதான் உன் வேலை.

அதற்கு முன்னால் பாத்திரத்தைப் பார். கூட இருக்கும் பெண் அதில் கோதுமை பிரெட் போடுகிறாள் என்றாய். மாவு பிசையும் துடுப்பைக் கழற்றினால் உள்ளே தண்டு நுழையும் துளையில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருக்கும். உன்னை மாதிரி சீலியாக் (குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) இருக்கிறவளுக்கு அந்தத் துணுக்கே கெடுதல் செய்யப் போதும். பாத்திரமும் துடுப்பும் தனியாகக் கிடைக்கும், உனக்கென்று ஒரு ஜோடி வாங்கிவிடு. மெஷினின் உட்புறத்தையும் ஈரத்துணியால் துடை.

அளவு: பச்சரிசி மாவு 180 கிராம் (இடியாப்பத்துக்கு வறுத்த மாவு வேண்டாம், அது தண்ணீரை அதிகம் குடிக்கும்), வெள்ளைச் சோள மாவு (ஜோவர், மக்காச்சோளம் இல்லை) 100, மரவள்ளி ஸ்டார்ச் 120, இசப்கோல் பொடி 20, சர்க்கரை 20, உப்பு 7, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். முட்டை 2, எண்ணெய் 3 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 340 மில்லி. கப்பில் அளக்காதே, தராசு வை. மாவு பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று இருக்கிறதா பார். கோதுமை அரைக்கிற மில்லில் அரைத்த மாவு ஆகாது. கூட்டுப்பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ப்பார்கள், இந்தச் சாக்கில் அதையும் தூக்கிப் போடு.

இசப்கோலை உலர்ந்த மாவோடு நன்றாகக் கலந்துவிடு. நேரே தண்ணீரில் விழுந்தால் கட்டி தட்டும். பாத்திரத்தில் முதலில் தண்ணீர், முட்டை, எண்ணெய், வினிகர், மேலே மாவு, கடைசியில் ஈஸ்ட். 'டோ' (மாவு பிசையும்) புரோகிராமைப் போட்டு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நில். மூலையில் மாவு அப்படியே நிற்கும், ரப்பர் கரண்டியால் வழித்துவிடு. முதல் ஐந்து நிமிஷம் தோசை மாவு மாதிரி ஓடும். பயந்து மாவு சேர்க்காதே. இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி, பத்து நிமிஷத்தில் வடை மாவுப் பதத்துக்கு வந்துவிடும். அப்போதும் துடுப்பில் உருண்டையாகச் சுற்றினால் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடு.

பதினைந்து நிமிஷத்தில் ஸ்டாப். கையை நனைத்துத் துடுப்பை உருவி எடு, மேலே தடவிச் சமப்படுத்து, மூடி வை. 40 முதல் 50 நிமிஷத்தில் ஒன்றரை மடங்கு வரும். இரண்டு மடங்குக்குக் காத்திருந்தால் சுடும்போது நடுவில் குழி விழும். பிறகு 'பேக்' மட்டும், 65 நிமிஷம். நடுவில் தெர்மாமீட்டர் 97 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும், குறைந்தால் இன்னும் பத்து நிமிஷம் ஓட்டு. மேல்பக்கம் வெளுப்பாகத்தான் இருக்கும், சூடு கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதால். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

வெந்ததும் உடனே கவிழ்த்துக் கம்பித்தட்டில் வை. சூடாக வெட்டினால் உள்ளே களி மாதிரி ஒட்டும். இரண்டு மணி நேரமாவது பொறு. மறுநாளே வறண்டுவிடும், அதனால் அன்றைக்கே துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடு. பொது டோஸ்டரில் மட்டும் போடாதே, தோசைக்கல்லில் வாட்டிக்கொள்.

அம்மா