திருப்பணிக்கு முன் கல்வெட்டைப் படியெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கோயிலில் திருப்பணி தொடங்கும் முன் அந்தந்த மாவட்டத்து வரலாற்று ஆய்வு மன்றத்துக்குத் தகவல் சொன்னாலே பல கல்வெட்டுகள் பிழைக்கும். எழுத்தின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். சுவரைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சும் மணல் வீச்சில், சுண்ணாம்போடு எழுத்தின் விளிம்பும் போய்விடுகிறது.

படியெடுக்கப் பெரிய செலவில்லை. கல்லைத் தண்ணீரும் நார் பிரஷ்ஷும் கொண்டு கழுவ வேண்டும். கம்பி பிரஷ், ஆசிட் கூடவே கூடாது. நனைத்த தாளை ஒட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் பிரஷ்ஷால் தட்டினால் தாள் எழுத்துக்குழிக்குள் இறங்கும். தாள் ஓரளவு உலர்ந்ததும் மை தோய்த்த துணிப்பந்தால் ஒற்றினால், கறுப்பில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். அவசரப்பட்டால் மை குழிக்குள் ஊறி எழுத்தே அடைந்துவிடும். பழைய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. ஒரு கோடு தவறினாலும் பொருள் மாறும்.

சுவரைப் பிரிப்பதானால் இன்னும் கவனம் வேண்டும். ஒரே வரி நாலைந்து கற்களில் தொடரும். வரிசை எண் போடாமல் பிரித்த கற்கள் இடம் மாறி, சில தலைகீழாகத் தளத்தில் பதிந்துவிடுகின்றன. எண்ணை எழுத்தில்லாத பக்கத்தில் எழுதி, அளவுகோல் வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமெடுக்க வேண்டும். உத்திரமேரூரின் குடவோலை விதிகளை இன்று நாம் வாசிப்பது சுவரில் எழுத்து தங்கியதால்தான்.

திருப்பணி மதிப்பீட்டிலேயே படியெடுப்பை முதல் வேலையாகச் சேர்க்க அறநிலையத்துறை ஆணையிட வேண்டும்.

- வரலாற்று ஆர்வலர்கள், கும்பகோணம்