செராவ் ஆடப்போகும் மகளுக்கு

அய்சால், மிசோரம்,
பிப்ரவரி 9

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

கல்லூரிக் கலைவிழாவில் உங்கள் குழு 'மூங்கில் நடனம்' ஆடப்போவதாகவும், விறுவிறுப்புக்காகத் திரைப்பாட்டு ஒன்றைச் சேர்க்கப்போவதாகவும் நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்றிருந்தேன். அந்த ஆட்டத்தின் பெயர் செராவ். எட்டு வயதில் பாட்டியிடம் மதுரைக்குப் போய்விட்ட உனக்கு, பக்கத்து வீட்டு முற்றத்தில் மூங்கில்கள் தட்டும் ஓசை மட்டும் நினைவிருக்கலாம். அதன் பின்னால் இருப்பதை உனக்குச் சொல்லாமல் விட்டது என் தவறு.

இரண்டு நாள் வலியில் கிடந்து உன்னைப் பெற்றேன் என்பது உனக்குத் தெரியும். உனக்கு நாற்பது நாள் ஆனபோது உன்னைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு மிசோப் பாட்டி, அதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை என்னிடம் சொன்னார். முற்காலத்தில் செராவ் விழாவுக்கான ஆட்டமே அல்ல. பிள்ளைப்பேற்றில் இறந்துபோன பெண்ணின் உயிர், மறுமையின் இன்ப உலகமான பியால்ராலுக்கு இடரின்றிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஆடிய சடங்கு அது. சொல்லிவிட்டு உன்னை மடியில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து ஆண்கள் எதிரெதிரே தரையில் அமர்ந்து மூங்கில்களைக் குறுக்குக் கழிகளின்மேல் தட்டி, பின் ஒன்றோடொன்று சேர்த்தடிக்கும் ஓசையைக் கேட்கும்போதெல்லாம், பிள்ளையின் முகம் பாராமலே போய்விட்ட தாய்மார்களை நினைக்காமல் என்னால் இருக்க முடிந்ததில்லை.

இன்று அது மகிழ்ச்சியின் ஆட்டமாகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. 2010 மார்ச்சில் இதே அய்சாலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக ஆடி உலகச் சாதனை படைத்தார்கள்.

இப்போது எதிர்மலைச் சரிவில், தீ வைத்துப் பயிரிடும் புனத்துக்காக வெட்டிய மூங்கிலும் மரமும் வெயிலில் காய்ந்து பழுப்பேறிக் கிடக்கின்றன. காடு வெட்டுவது ஆபத்தான வேலை. கத்தி தவறும், மரம் எதிர்பாராத பக்கம் சாயும். வெட்டி முடித்தவர்கள் உயிரோடு திரும்பியதற்கு நன்றியாக, வெட்டியது காய்ந்து தீ வைக்கும் நாள் வரும்வரை கிடைக்கும் ஓய்வில் கொண்டாடுவதே சப்சார் குட். 'குட்' என்றால் பண்டிகை. விளைச்சல் வரும் முன்பே, உழைப்பின் நடுவில், நன்றி சொல்லும் இந்தப் பண்டிகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கிறித்தவம் வந்தபின் மங்கிப்போன இதை 1962இல் அய்சாலில் பெரிய அளவில் மீட்டெடுத்தார்கள். 1973 முதல் அரிசி மது இல்லாமல் நடக்கிறது. இப்போது மார்ச் முதல் வெள்ளிக்கிழமையில் ஊரே கூடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி நின்று, பெண் ஆணின் இடுப்பையும் ஆண் பெண்ணின் தோளையும் பற்றி வட்டமாக அசையும் சாய் ஆட்டம் அந்நாளுக்கே உரியது. நடுவில் முரசு ஒலிக்கும்.

கூரையும் கூடையும் கறியும் தரும் இதே மூங்கில்தான் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, எலிகளைப் பெருக்கி, 1959இல் மிசோ மக்களைப் பஞ்சத்தில் தள்ளியது. அந்தப் பசியைக் கண்ட பெரியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் ஒரு பருக்கையும் வீணாகாது.

ஆகஸ்ட், செப்டம்பரில் மக்காச்சோள அறுவடைக்குப் பின் இறந்தோருக்குப் புது விளைச்சலைப் படைப்பது மிம் குட். டிசம்பரில் வரும் பாவ்ல் குட்டின் பெயருக்கு வைக்கோல் என்று பொருள். அன்று தாயும் பிள்ளைகளும் நினைவு மேடையில் அமர்ந்து ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுவது பழைய வழக்கம்; சப்சார் குட்டிலும் அது உண்டு. உன் மூன்றாவது வயதில் பக்கத்து வீட்டுப் பாட்டி அவித்த முட்டையை உன் கையில் கொடுத்து எனக்கு ஊட்டச் சொன்னார். நீ பாதியை நீயே தின்றுவிட்டு, மிச்சத்தை என் கன்னமெல்லாம் பூசினாய்.

அந்தப் பாட்டியின் மகள் நெய்த சிவப்புப் புவான்செய் ஆடை ஒன்றைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் இறுக்கமாகச் சுற்று. தளர்ந்தால் கால் தடுக்கும். ஆட்டத்தின் முதல் சில சுற்றுகளாவது பாட்டு எதுவும் இல்லாமல், மூங்கிலின் ஓசை மட்டும் கேட்கும்படி மெதுவாகத் தொடங்குங்கள். மற்றதை உன் தோழிகளோடு பேசி முடிவு செய்.

அன்புடன்,
அம்மா