பூட்டிய பூங்காவைவிட இறங்கக்கூடிய கரை மேல்: ஆற்றோரச் சிறுநகர மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆற்றோரச் சிறுநகரங்களின் மன்றத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வணக்கம்.

கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிடுவதிலேயே வேலைக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். ஆற்றை ஒட்டிய சிறு நகரங்களில் பூங்காவுக்கென்று ஒதுக்கப்படும் நிதி எப்படிச் செலவாகிறது என்பதை மதிப்பீட்டுத் தாளிலும் பார்த்திருக்கிறேன். பணி முடிந்து சில மழைக்காலங்கள் கடந்த பின் அதே இடத்தில் போய் நின்றும் பார்த்திருக்கிறேன். முதலில் சுற்றுச்சுவர் எழும்பும், பிறகு அலங்கார வாயில், அதற்கும் பிறகு செயற்கை நீரூற்று. நூறு அடி தள்ளி ஓர் ஆறே ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் நீரூற்று எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் தாமதமாகவேனும் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றே. பூங்காவுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பணத்தை முதலில் ஆற்றங்கரைக்குச் செலவிடுங்கள். மக்கள் தண்ணீர் வரை நடந்து போகவும், அங்கே நிழலில் உட்காரவும், பத்திரமாகத் திரும்பி வரவும் வழி செய்த பிறகு மிச்சம் இருந்தால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

நான் மேற்பார்வையிட்ட ஒரு பூங்காவில் ஆற்றுப் பக்கம் முழுவதும் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டோம். பாதுகாப்புக்காக என்று கோப்பில் எழுதியிருந்தது. இரண்டு ஆண்டு கழித்துப் போனபோது வேலியின் ஒரு மூலையில் கம்பி வளைக்கப்பட்டு, ஒரு சிறுவன் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையிலிருந்து ஆற்றை நோக்கிப் புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதை ஒன்று இறங்கியது. செங்குத்தான இடத்தில் அது வளைந்தது, ஒரு மரத்தின் வேரைப் படியாக ஏற்றுக்கொண்டது, சேறு நிற்கும் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் ஆழமில்லாத இடத்தில் முடிந்தது. அளவுக் கருவியோடு நாங்கள் மூன்று நாள் எடுத்துப் போட்ட திட்டத்தைவிட அந்தப் பாதை நன்றாக அமைந்திருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு பாதை இருக்கும். வேலியை அடைப்பதற்கு முன் அதன் வழியே ஒருமுறை நடந்து பாருங்கள். படிக்கட்டு எங்கே வர வேண்டும் என்பதை மக்களின் கால்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டன.

பெரிய நகரங்களைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லா மன்றங்களுக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெரிய நகரங்கள் தாங்கள் கட்டியதை இடிக்கப் பெரும் பணம் செலவிட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரம் தன் ஆற்றங்கரையை அடைத்துக்கொண்டிருந்த அதிவேகச் சாலையை 1974இல் மூடி, அந்த இடத்தைப் பூங்காவாக்கியது. ஜெர்மனியின் மியூனிக் நகரம் நேராக்கி இறுக்கி வைத்திருந்த ஈசார் ஆற்றை 2000 முதல் 2011 வரை, 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை அகற்றிச் சரளைத் திட்டுகளோடு மீண்டும் விரிய விட்டது. கோடையில் நகரத்தார் அந்தச் சரளை மீதுதான் போய்ப் படுத்துக் கிடக்கிறார்கள். சிங்கப்பூரின் பீஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடாக ஓடிய கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கிலோமீட்டர் நீளமுள்ள வளைந்து நெளிந்த ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். இவை யாவும் இழந்த கரையைத் திரும்பப் பெற்ற கதைகள். சிறு நகரத்தின் கரையோ பெரும்பாலும் இன்னும் இழக்கப்படவில்லை. கான்கிரீட் போடப் பணம் இல்லாததால் தப்பித்த கரை அது. பணம் வந்தவுடன் அதைக் கெடுத்துவிடாமல் இருப்பதே பெரிய சேமிப்பு.

சியோல் நகரத்தின் சொங்கேசொன் ஓடையைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். மேம்பாலச் சாலையை இடித்து 2005இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளமுள்ள அழகான ஓடைதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து பம்பு வைத்து ஏற்றப்படுவது. அந்த மின் கட்டணத்தை ஒரு தலைநகரம் தாங்கும். உங்கள் நகரம் தாங்குமா என்று யோசியுங்கள்.

அடுத்தது வெள்ளம். ஆற்றங்கரையில் எதைக் கட்டினாலும் வெள்ளத்தில் போய்விடும் என்ற வாதம் மன்றக் கூட்டங்களில் தவறாமல் எழும். அது நியாயமான வாதமே. ஆற்றுக்குத் தன் இடம் எது என்று தெரியும். என்றேனும் ஒருநாள் கேட்டு வாங்கிக்கொள்ளும். 1995இல் நெதர்லாந்தில் ஆறுகள் நிரம்பி ஏறத்தாழ 2,50,000 பேரை வீடுகளை விட்டு வெளியேற்ற வேண்டி வந்த பிறகு, அந்த நாடு கரையை மேலும் உயர்த்திக்கொண்டே போவதை விட்டுவிட்டு ஆற்றுக்கு இடம் கொடுக்கத் தொடங்கியது. நைமேகன் நகரத்தில் வால் ஆற்றின் கரையை 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளிப் புதிய கிளைக்கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். இடையில் உருவான தீவு இன்று ஆற்றுப் பூங்கா. வெள்ளம் வந்தால் அதன் பெரும் பகுதி நீருக்கு, வடிந்தால் மனிதருக்கு. அதற்காகச் சுமார் 50 வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வீடிழந்தவருக்கு அந்தப் பூங்கா அத்தனை அழகாகத் தெரிந்திருக்காது.

உங்களிடம் நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. தாழ்கரையில் வைக்கும் எதுவும் மூழ்கி எழக்கூடியதாக இருக்கட்டும். இருக்கைகள் கல்லாலானவையாக, அடித்தளத்தோடு பிணைக்கப்பட்டவையாக இருக்கட்டும். மின்பெட்டி, கழிப்பறை, பொருள் வைக்கும் அறை ஆகியவை பழைய வெள்ளக் குறிக்கு மேலே இருக்கட்டும். பாதைக்கு மண்ணில் வெறுமனே பதித்து வைக்கும் சிறு தளக்கற்கள் வேண்டாம். ஓட்டம் முதலில் ஒரு கல்லைப் பெயர்க்கும், அந்த ஓட்டை வழியாக மீதியையும் பெயர்த்துவிடும். வெள்ளம் வடியும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். படிகளில் படியும் வண்டல் ஈரமாக இருக்கும்போது இரண்டு ஆட்கள் ஒரு குழாயை வைத்துக்கொண்டு அரை நாளில் கழுவித் தள்ளிவிடலாம். காயவிட்டால் மண்வெட்டி பிடித்துச் சுரண்ட வேண்டும். பாதி காய்ந்த நிலையில் அதன் மேல் கால் வைத்தவர் இடுப்பை முறித்துக்கொள்வார்.

பாதுகாப்பு என்று சொல்லித்தான் வேலி போடுகிறோம் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் நீரில் மூழ்கி இறந்தோர் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறத்தாழ கால் பங்கினர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆகவே பயம் பொய்யானதல்ல. ஆனால் ஓட்டை விழுந்த வேலி யாரையும் காப்பாற்றாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்; ஆழத்தைத் தெரியப்படுத்தும் கடமை மன்றத்தினுடையது. மக்கள் வழக்கமாக இறங்கும் இடத்தில் அளவு குறித்த கம்பங்களை நட்டு, மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் பகுதியைத் தனியாக அடையாளம் காட்டி, அந்தப் பகுதிக்கு மட்டும் உறுதியான தடுப்பு போட்டால், நீளமான வேலிக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட ஆகாது. ஒவ்வொரு பெருக்குக்குப் பிறகும் ஆற்றின் அடித்தளம் மாறும் என்பதால், ஆழத்தை ஆண்டுதோறும் புதிதாக அளக்கவும் வேண்டும்.

தடுப்பணைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. ஆறடி உயரம்கூட இல்லாத தடுப்பணை பார்வைக்குச் சாதுவாக இருக்கும். வழிந்து விழும் நீர் மெல்லிய திரை போலத்தான் தெரியும். ஆனால் அதன் அடியில் நீர் கீழே அமிழ்ந்து, மேலெழுந்து, மறுபடி அணையை நோக்கியே சுழலும். அதில் சிக்கியவரை அது வெளியே விடாது. காப்பாற்றக் குதித்தவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மடிவது இங்கேதான். தடுப்பணைக்கு மேலும் கீழும் எச்சரிக்கைப் பலகையும், கரையில் கயிறு கட்டிய மிதவை வளையமும் கட்டாயம் இருக்க வேண்டும். படகு விடும் எண்ணம் இருந்தால், அணைக்கு வெகு முன்பே படகைக் கரையேற்றி, தூக்கிச் சென்று, கீழே மறுபடி இறக்க ஒரு நடைவழி அமையுங்கள். இவையெல்லாம் தயாராகும் வரை படகுத் துறைக்கு ஒப்பந்தப்புள்ளி கோராதீர்கள்.

விளையாட்டுக் கருவிகள் வாங்குவதில் மன்றங்கள் காட்டும் ஆர்வம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. எல்லா ஊரிலும் அதே பிளாஸ்டிக் சறுக்குமரம், அதே நிறம். மூன்றாம் ஆண்டில் அதே விரிசல். டச்சுக் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் காலி மூலைகளில் 700க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்தார். மணல் தொட்டி, தொங்கிக் குட்டிக்கரணம் போடச் சில இரும்புக் கம்பிகள், தாண்டிக் குதிக்க வட்டக் கற்கள் ஆகியவையே அவற்றின் முக்கியக் கருவிகள். எதை எப்படி விளையாடுவது என்பதைக் குழந்தைகள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள். மணலும் கல்லும் சாய்ந்த மரமும் ஆற்றங்கரையில் இயல்பாகவே கிடைப்பவை. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விளையாட்டு குழந்தையின் உரிமை என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு. ஆறு மணிக்கு வாயிலைப் பூட்டும் பூங்காவில் அந்த 60 நிமிடம் எங்கிருந்து வரும்? மாலை வெயில் தணியும் நேரமே அதுதானே!

முதியவர்களைப் பற்றி ஒன்று. இருக்கைக்குக் கைப்பிடி வையுங்கள். உட்காருவது எளிது, எழுந்திருப்பதுதான் கடினம் என்பது ஐம்பது வயது தாண்டாத வரைவாளர்களுக்குத் தெரிவதில்லை. எனக்கும் அந்த வயதில் தெரியவில்லை. இருக்கை ஆற்றைப் பார்த்து இருக்கட்டும். சாலையைப் பார்த்த இருக்கையில் உட்காருபவர் பேருந்துக்குக் காத்திருப்பவர் போலத் தோன்றுவார். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது ஓட வேண்டும். இடம் போதவில்லை என்று அதைக் குறுக்கினால் அது சறுக்குமரமாகிவிடும்.

பராமரிப்பைப் பற்றி நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கஞ்சத்தனம் செய்த கதையாகவே பெரும்பாலான பூங்காக்கள் முடிகின்றன. கட்டுவதற்குத் திட்ட நிதி வரும், திறப்பு விழா நடக்கும், கல்வெட்டில் பெயர்கள் ஏறும். புல் வெட்டவும் கழிப்பறை கழுவவும் ஆள் வைக்க எந்தத் தலைப்பிலும் பணம் இருக்காது. கழிப்பறை நாறினால் பெண்கள் வருவதை நிறுத்துவார்கள். அவர்களோடு குழந்தைகளின் வரவும் நின்றுபோகும். எஞ்சும் வெறிச்சோடலைக் காரணம் காட்டி மன்றமே வாயிலைப் பூட்டும். ஆகவே பத்து ஆண்டுப் பராமரிப்புக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும் என்பதை எழுதாத எந்த மதிப்பீட்டுக்கும் ஒப்புதல் அளிக்காதீர்கள். பராமரிக்க முடியாததைக் கட்டாமல் விடுவதும் ஒரு திட்டமே.

கரையை நம்பிப் பிழைப்பவர்களை அழகுபடுத்தலின் பெயரால் அப்புறப்படுத்த வேண்டாம். வலை உலர்த்துபவரும் படகு கட்டுபவரும் உங்கள் பூங்காவுக்கு இடைஞ்சல் இல்லை. பொழுது விடியும் முன்பே கரையில் இருப்பவர்கள் அவர்கள்தான். ஆற்றில் யாரேனும் தவறி விழுந்தால் முதலில் ஓடி வருபவர்களும் அவர்களே.

இறுதியாக ஒரு வேண்டுகோள். திட்டத்தை வாக்கெடுப்புக்கு விடும் முன் வரைபடத்தை மன்றச் சுவரில் மட்டும் மாட்டி வைக்காமல், கரையிலேயே முளையடித்துக் கயிறு கட்டிக் காட்டுங்கள். பாதைக்கு ஒரு நிறம், படிகளுக்கு ஒரு நிறம், பழைய வெள்ளக் குறிக்குச் சிவப்பு. ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். யார் எந்தக் கயிற்றைத் தாண்டி நடக்கிறார்கள், எந்த முளையைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகு கூட்டத்தைக் கூட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பணி மேற்பார்வையாளர் ஒருவர்